சிக்னலில் அணையும் இஞ்சின்: அதைத் தடுக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டார். எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. ஆகவே நான் செய்த ஒரு தப்பையும், அந்தத் தப்பினால் நான் கற்றுக்கொண்ட விஷயத்தையும் எழுதுகிறேன். ஆட்டோமொபைல் பிரிவு நண்பர்களுக்கு மட்டுமல்ல, எலக்ட்ரிகல், எலக்ட்ரானிக்ஸ் நண்பர்களுக்கும் இது பயன்படும் என்று நம்புகிறேன்.

என் சித்தப்பா ஷார்ஜாவில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் டிரைவராக வேலை பார்க்கிறார். அவர் ஓட்டுவது அமெரிக்காவிலிருந்து பழைய வண்டியாக இறக்குமதி ஆன ஒரு பெரிய பிக்கப். நாம் லாரியைத்தான் டிரக் என்போம். அமெரிக்காவில் இந்த மாதிரி பிக்கப்பையும் டிரக் என்றுதான் சொல்கிறார்கள். போன வருடம் ஜூன் மாதம் அவர் போன் செய்தார்.

"ஏய்யா, இந்த வண்டி சிக்னல்ல பிரேக்கை மிதிச்சு நின்னா இஞ்சின் தானா ஆஃப் ஆயிடுது. பிரேக்கை விட்டா தானா ஸ்டார்ட் ஆவுது. இந்த வெயில்ல ஏ.சி. குளிர்ச்சி கொறஞ்சு போவுது, பின் சீட்டுல உக்காந்திருக்குற பசங்க பாவம். நிறுத்துறதுக்கு ஒரு சுவிட்ச் இருக்கு. ஆனா ஒவ்வொரு தடவை வண்டியை எடுக்கும்போதும் திரும்ப அமுக்கணும். ஒரேயடியா நிறுத்துறதுக்கு என்னென்னமோ கருவி விக்கிறானுவ. நீதானே இந்தப் படிப்புப் படிக்கிற. எதை வாங்கலாம்னு சொல்லு."

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். சித்தப்பா கேட்டதும் 'தெரியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று ராத்திரி போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு மறுநாள் பெரிய மெக்கானிக் மாதிரி சொன்னேன்: "எதுக்கு சித்தப்பா காசைக் கொடுத்து வாங்குறீங்க? பேட்டரி மைனஸ் டெர்மினல்ல ஒரு சின்ன கப்ளர் இருக்கும். அதைக் கழட்டி விட்டுருங்க, போதும்."

அவரும் கழற்றினார். நான் சொன்னபடியே இஞ்சின் அணைவது நின்றுவிட்டது. "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்" என்று அப்பாவிடம் போனில் சொல்லியிருக்கிறார். நானும் இரண்டு நாள் மிதப்பில் திரிந்தேன்.

மூன்றாவது வாரம் வந்தது வினை. ராத்திரி வேலை நடந்த இடத்தில் இஞ்சினை அணைத்துவிட்டு, உள் லைட், ஃபேன், போன் சார்ஜர் எல்லாம் ஓடும்படி விட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். வழக்கமாக அந்த வண்டி பேட்டரி இறங்குவதைக் கண்டுபிடித்துத் தானாக எல்லாவற்றையும் நிறுத்திவிடுமாம். அன்று நிறுத்தவில்லை. விடியற்காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. ஆட்களை ஏற்றிப் போக வேறு வண்டி வரவேண்டியதாயிற்று. கம்பெனி மெக்கானிக் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தார். பேட்டரி சென்சார் இணைப்பு இல்லை என்று காட்டியது. பானெட்டைத் தூக்கினால் நான் கழற்றச் சொன்ன கப்ளர், டேப் சுற்றித் தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பாவுக்கு இரண்டு நாள் சம்பளம் பிடித்துவிட்டார்கள்.

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லய்யா, அடுத்த தடவ நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் ஆட்டோ எலக்ட்ரிகல் லேப் சாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கழட்டச் சொன்னியே, அது அங்க என்ன வேலை செய்யுதுன்னு உனக்குத் தெரியுமா?" எனக்குத் தெரியாது. அதன் பிறகு தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் கீழே எழுதுகிறேன்.

இஞ்சின் ஏன் அணைகிறது?

இஞ்சின் சும்மா ஓடினாலும் பெட்ரோல் செலவாகிறது. அமெரிக்க எரிசக்தித் துறைக்காக ஆர்கான் ஆய்வுக்கூடம் அளந்து பார்த்ததில், 4.6 லிட்டர் இஞ்சின் உள்ள பெரிய கார் சும்மா நின்றால் ஒரு மணி நேரத்துக்கு 0.39 காலன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் குடிக்கிறது. 2 லிட்டர் இஞ்சின் உள்ள சிறிய கார் 0.16 காலன், அதாவது 0.6 லிட்டர் குடிக்கிறது. 10 வினாடிக்கு மேல் நிற்க வேண்டி வந்தால், அணைத்து மறுபடி ஸ்டார்ட் செய்வதே சிக்கனம் என்பதும் அதே ஆய்வுக்கூடத்தின் முடிவு.

நம் கணக்குக்கு வருவோம். ஒரு நாளைக்கு 40 சிக்னல், ஒவ்வொன்றிலும் 45 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 30 நிமிடம். பெரிய இஞ்சினுக்கு முக்கால் லிட்டர் பெட்ரோல். ஒரு வண்டிக்கு இது சின்ன விஷயம். லட்சக்கணக்கான வண்டிகளுக்கு அப்படியல்ல. அதனால்தான் அமெரிக்க அரசு 2012-ல் கொண்டுவந்த புகை விதிகளில், இந்த வசதியை வைக்கும் கம்பெனிகளுக்குத் தனிச் சலுகை கொடுத்தது. காரைவிட டிரக்குக்குச் சலுகை அதிகம். ஃபோர்டு கம்பெனி 2015 மாடல் எஃப்-150 பிக்கப்பில் 2.7 லிட்டர் இஞ்சினுடன் இதை வைத்தது. 2018 மாடலில் எல்லா இஞ்சினுக்கும் கொடுத்துவிட்டது.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2008-லேயே மகிந்திரா ஸ்கார்பியோவில் மைக்ரோ ஹைபிரிட் என்ற பெயரில் வந்துவிட்டது. நம் வண்டியில் நியூட்ரல் போட்டு கிளட்சை விட்டால் அணையும், கிளட்சை மிதித்தால் ஸ்டார்ட் ஆகும். அமெரிக்க பிக்கப் ஆட்டோமேட்டிக் கியர் என்பதால் அங்கே பிரேக் பெடல்தான் எல்லாம்.

'அப்படியானால் சுவிட்சை ஒரு தடவை அமுக்கினால் அப்படியே இருக்கும்படி வைக்கலாமே?' என்று நீங்கள் கேட்கலாம். மைலேஜ் சோதனையில் கணக்கில் வருவது, வண்டியை ஸ்டார்ட் செய்தவுடன் தானாக அமையும் நிலைதான். ஓட்டுநர் அணைத்தது அப்படியே நின்றுவிட்டால் கம்பெனிக்குக் கிடைக்கும் கணக்கு குறைந்துபோகும். அதனால் ஒவ்வொரு தடவையும் அது ஆனில்தான் தொடங்கும். ஜெனரல் மோட்டார்ஸ் தயாரித்த சில கார்களில் அணைக்கும் சுவிட்சே வைக்கவில்லை. வெளிக்கடைக் கருவிகளின் வியாபாரம் பெருகியது இதனால்தான். 2021-ல் சிப் தட்டுப்பாடு வந்தபோது அதே கம்பெனி சில பெரிய பிக்கப்புகளை இந்த வசதியே இல்லாமல் விற்று, விலையில் 50 டாலர் குறைத்தது. 2025 மே மாதம் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் லீ செல்டின், இதை மக்கள் வெறுக்கிறார்கள் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2026 பிப்ரவரியில் அந்தச் சலுகையை நீக்குவதாக முகமை அறிவித்தது. ஆனாலும் ஏற்கெனவே ரோட்டில் ஓடும் வண்டிகளில் இது இருக்கத்தானே செய்யும்?

அணைக்கும் முன் வண்டி என்ன பார்க்கிறது?

நண்பர்களே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். நான் கோட்டை விட்டது இங்கேதான்.

வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்த மாத்திரத்தில் இஞ்சினை அணைப்பதில்லை. வரிசையாகப் பல கேள்விகள் கேட்கிறது. இஞ்சின் சூடேறிவிட்டதா? பேட்டரியில் மறுபடி ஸ்டார்ட் செய்ய சார்ஜ் இருக்கிறதா? உள்ளே ஏ.சி. கேட்ட குளிர்ச்சி வந்துவிட்டதா? ஸ்டியரிங் அதிகம் திரும்பி இருக்கிறதா? டிரைவர் கதவு மூடியிருக்கிறதா? பானெட் மூடியிருக்கிறதா? பின்னால் டிரெய்லர் மாட்டியிருக்கிறதா? இதில் ஒன்று சரியில்லை என்றாலும் இஞ்சின் அணையாது.

ஆகவே இதை நிறுத்த இரண்டே வகை வழிதான். ஒன்று, டிரைவர் சொல்வது போல 'அணைக்காதே' என்று சொல்வது. இன்னொன்று, மேலே சொன்ன கேள்விகளில் ஒன்றுக்குப் பொய்யான பதிலைக் கொடுப்பது. நான் சித்தப்பாவுக்குச் சொன்னது இரண்டாவது. பேட்டரி சென்சாரைக் கழற்றியதும், பேட்டரியின் நிலைமை தெரியாததால் கம்ப்யூட்டர் இஞ்சினை அணைக்காமல் விட்டது. ஆனால் அதே சென்சாரை நம்பித்தான் ஆல்டர்னேட்டர் எவ்வளவு சார்ஜ் கொடுக்க வேண்டும், எப்போது லைட்டையும் ஃபேனையும் நிறுத்த வேண்டும் என்பதையும் அது முடிவு செய்துகொண்டிருந்தது. ஒரு ஒயருக்கு ஒரே வேலை இருக்கும் என்று நான் நினைத்தது தப்பு.

இன்னொரு பேச்சும் உண்டு. அடிக்கடி ஸ்டார்ட் ஆனால் செல்ஃப் மோட்டார் சீக்கிரம் போய்விடும் என்பார்கள். இந்த வண்டிகளுக்கென்றே உறுதியான செல்ஃப் மோட்டாரும், ஏ.ஜி.எம். போன்ற தாங்கும் பேட்டரியும் வைத்துத்தான் தயாரிக்கிறார்கள். பல வண்டிகளில், இஞ்சின் நின்றபோதும் கியர்பாக்ஸில் ஆயில் அழுத்தம் இருப்பதற்குத் தனி எலக்ட்ரிக் பம்பும் உண்டு. ஆகவே செல்ஃப் மோட்டாரைக் காப்பாற்ற என்று கருவி வாங்கத் தேவையில்லை. வெயில், ஊர்ந்து போகும் நெரிசல், ஸ்டார்ட் ஆகும்போது வரும் குலுக்கல், இவைதான் நியாயமான காரணங்கள்.

என்னென்ன வழிகள் இருக்கின்றன?

1. சுவிட்சை அமுக்குவது. காசு கிடையாது, ஆபத்து கிடையாது. மறந்துபோவது ஒன்றே குறை.

2. டோ-ஹால் மோடு. பாரம் இழுப்பதற்கான இந்த மோடில் பல பிக்கப்புகளில் இஞ்சின் அணையாது. ஆனால் கியர் மாறுவது தாமதமாகும், பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்.

3. டிரெய்லர் சாக்கெட்டில் பொய் பிளக். டிரெய்லர் மாட்டியிருப்பதாக வண்டியை நம்ப வைப்பது. விலை மலிவு. ஆனால் வண்டி டிரெய்லர் இருப்பதாகவே நடந்துகொள்ளும். பின்பக்கப் பார்க்கிங் சென்சார் வேலை செய்யாமல் போகலாம். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் நின்றாலும் சத்தம் வராது.

4. சென்சார் கப்ளரைக் கழற்றுவது. பேட்டரி சென்சார் கதையைச் சொல்லிவிட்டேன். சிலர் பானெட் சுவிட்சைக் கழற்றுவார்கள். பானெட் திறந்திருக்கும்போது இஞ்சின் தானாக ஸ்டார்ட் ஆகி, பெல்ட்டில் கை வைத்த மெக்கானிக்கின் விரல் போய்விடக் கூடாது என்பதற்காக வைத்த சுவிட்ச் அது. அதில் கை வைத்தால் திருட்டு அலாரமும் ரிமோட் ஸ்டார்ட்டும்கூடக் கெடலாம். இந்த வகை வண்டியில் வேலை செய்யும்போது சாவியை எடுத்துவிட்டுத்தான் பானெட்டுக்குள் கை விட வேண்டும். ஒர்க்‌ஷாப் போகும் நண்பர்கள் இதை மறக்கவே கூடாது.

5. சுவிட்சுக்குப் பின்னால் மாட்டும் நினைவுக் கருவி. டாஷ்போர்டு சுவிட்ச் பேனலின் கப்ளரைக் கழற்றி, நடுவில் இதைச் செருகி மறுபடி மாட்டுவது. ஒயரை வெட்ட வேண்டியதில்லை. வண்டி ஸ்டார்ட் ஆன சில வினாடியில், டிரைவர் விரலால் அமுக்குவது போலவே இது ஒரு சிக்னல் கொடுக்கும். இதில் இரண்டு ரகம். ஒன்று எப்போதும் அமுக்கிவிடும். இன்னொன்று, கடைசியாக நீங்கள் வைத்த நிலையை நினைவில் வைத்துக்கொள்ளும். இரண்டாவதே மேல். குளிர்காலத்தில் வேண்டும் என்றால் சுவிட்சை அமுக்கிப் பழையபடி ஓட்டலாம்.

"இது 555 டைமர் சர்க்யூட்தானே, நாமே செய்துவிடலாமே" என்று எலக்ட்ரானிக்ஸ் நண்பன் ஒருவன் கேட்டான். எல்லா வண்டிக்கும் அது சரிப்படாது. சில வண்டியில் சுவிட்ச் நேராக கிரவுண்டைத் தொடும். சிலவற்றில் பேனல் முழுவதும் ஒரே ஒயரில் செய்தியாக அனுப்பும். ஆகவே மாடல், வருடம் இரண்டும் பொருந்தினால்தான் வாங்க வேண்டும்.

6. ஓ.பி.டி. பிளக். ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனர் போடும் சாக்கெட்டில் செருகுவது. மாட்டுவதற்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டர்களும் பேசிக்கொள்ளும் கேன் லைனில் ஒரு அந்நியனை உட்கார வைக்கிறோம். வண்டி நிற்கும்போதும் அது கரண்ட் இழுக்கலாம். கம்பெனி வண்டி என்றால் அதே சாக்கெட்டில் டிராக்கர் இருக்கவும் வாய்ப்பு உண்டு.

7. லேப்டாப் மூலம் வண்டியின் புரோகிராமை மாற்றுவது. கருவி எதுவும் தொங்காது. ஆனால் ஒரு எண் தப்பாகப் போனாலும் வேறு ஏதாவது கெடும். சர்வீஸில் புதிய சாஃப்ட்வேர் ஏற்றினால் மாற்றியது போய்விடலாம்.

வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள்

லேப் சாரிடம் காட்டித் திருத்தி நான் ஒரு பட்டியல் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று: வண்டி யாருடையது? சொந்த வண்டி இல்லையென்றால் முதலாளியின் அனுமதி இல்லாமல் எதுவும் மாட்டக் கூடாது. மிச்சமாகும் பெட்ரோலும் அவருடையது, செலவாகும் பெட்ரோலும் அவருடையது.

இரண்டு: இது டிரைவர் செய்வதைச் செய்கிறதா, அல்லது வண்டிக்குப் பொய் சொல்கிறதா? பொய் சொல்வது வேண்டாம்.

மூன்று: ஒயரை வெட்டாமல் மாட்டி, தடயம் இல்லாமல் கழற்ற முடியுமா?

நான்கு: கருவி கெட்டுப்போனால் என்ன ஆகும்? கெட்டாலும் பழையபடி சுவிட்ச் வேலை செய்ய வேண்டும். இஞ்சின் ஸ்டார்ட் ஆவதே நின்றுபோகும்படி இருக்கக் கூடாது.

ஐந்து: வாரண்டி என்ன ஆகும்? அமெரிக்காவில் 1975-ல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, வெளிப்பொருள் மாட்டியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை மறுக்க முடியாது. அந்தப் பொருளால்தான் கெட்டது என்று காட்ட வேண்டும். ஆனால் அது அமெரிக்கச் சட்டம். அந்த வண்டி கப்பல் ஏறி ஷார்ஜாவுக்கு வரும்போது சட்டம் கூடவே வருவதில்லை.

இந்த ஐந்து கேள்வியிலும் தேறுவது இரண்டு வழிதான். சொந்த வண்டிக்கு, நிலையை நினைவில் வைக்கும் ஐந்தாவது வழி. மற்றவர் வண்டிக்கு, விரலால் அமுக்கும் முதல் வழி.

முடிவாக

இந்த வருடம் வெயில் தொடங்கும் முன் நானே சித்தப்பாவுக்குப் போன் செய்து இந்தப் பட்டியலைப் படித்துக் காட்டினேன். அவர் முதல் கேள்வியிலேயே என்னை நிறுத்தி, "இரு, ஃபோர்மேன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். ஒயரில் யாரும் கை வைக்கக் கூடாது, சுவிட்சை அமுக்கிக்கொள் என்று ஃபோர்மேன் சொல்லிவிட்டார். இப்போது சித்தப்பா சீட் பெல்ட் போட்ட கையோடு சுவிட்சை அமுக்குகிறார். "ரெண்டும் ஒரே பழக்கமாயிட்டுய்யா" என்கிறார். ஏ.சி. ஓடுகிறது. பின் சீட்டுக்காரர்கள் தூங்கிக்கொண்டு வருகிறார்கள்.

அவருடன் ஒரே ரூமில் இருக்கும் ஒருவர் சொந்தமாகப் பிக்கப் வைத்து ஓட்டுகிறார். அவரும் என்னிடம் யோசனை கேட்டார். எனக்குப் பயம்தான். "அண்ணே, மாடல் எது, எந்த வருஷம், எந்த இஞ்சின்னு முதல்ல சொல்லுங்க. எனக்குத் தெரியலைன்னா சார்கிட்ட கேட்டுட்டு ரெண்டு நாள்ல சொல்றேன்" என்றேன். அப்படியே கேட்டுச் சொன்னேன். நினைவுக் கருவியை வாங்கி மாட்டினார். இதுவரை நன்றாக ஓடுகிறது. அதன் பழைய இணைப்பு எப்படி இருந்தது என்று போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளவும் சொல்லியிருக்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பலருடைய வீட்டில் நாம்தான் முதல் டிப்ளமோ. மிக்ஸி ஓடவில்லை என்றாலும் நம்மைத்தான் கேட்பார்கள், மோட்டார் புகைந்தாலும் நம்மைத்தான் கேட்பார்கள். நாம் சொல்வதை மறுபேச்சு இல்லாமல் செய்வார்கள். அவர்களுக்கு நம்மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆகவே ஒரு கப்ளரைக் கழற்றச் சொல்லும் முன், அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு சொல்வோம். தெரியாவிட்டால் 'தெரியாது, கேட்டுச் சொல்றேன்' என்போம். அப்படிச் சொல்வதில் படித்தவனுக்கு ஒரு குறைவும் இல்லை. இதைப் படிக்க எனக்கு இரண்டு நாள் சம்பளம் ஆனது, அதுவும் என் சம்பளம் அல்ல.